எஸ்எஸ்டியை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். காரைக்குடியில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஆல்பம் ஃபைலைத் திறக்கவே திணறியதால், சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து நானும் தம்பியும் வீட்டிலேயே அசெம்பிள் செய்தோம். இன்டெல் ஐ5-12400எஃப், பி660 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு (3600 என்று போட்டிருக்கிறது), 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் வேகமான டிஸ்க்), ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் இதில் மாட்டியிருக்கிறேன். அதில் விண்டோஸ் 7 இருக்கிறது, கஸ்டமர்களின் போட்டோக்களும் இருக்கின்றன.

ஆன் செய்ததும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. ராம் வேகத்துக்காக எக்ஸ்எம்பியும் ஆன் செய்தோம். ஆனால் விண்டோஸ் 11 போடும்போது, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது. எஸ்எஸ்டியின் பெயர் பயாஸில் (போர்டின் செட்டிங் பக்கத்தில்) வருகிறது, அங்கே வரவில்லை. தம்பி ஒரு வீடியோவைப் பார்த்து சிஎஸ்எம் என்பதை ஆன் செய்தான். உடனே 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று வந்தது. பக்கத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் சிஎஸ்எம்மை ஆஃப் செய்து, ஏதோ டிரைவர் கொடுத்ததும் எஸ்எஸ்டி தெரிந்தது. எங்கள் பென்டிரைவிலிருந்தே இன்ஸ்டால் ஆரம்பித்து, பாதியில் 80070570 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. ஒரு தடவை 38 சதவீதத்தில், இன்னொரு தடவை 71-இல். எஸ்எஸ்டி பழுது, புதிதாக வாங்கிப் போட வேண்டும் என்கிறார். போர்டின் படம் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் பொருத்தியதில் தப்பா? எஸ்எஸ்டியை மாற்றிவிடட்டுமா?

— வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரி,

எஸ்எஸ்டியை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில், அது பழுது என்று சொல்வதற்குப் போதுமான காரணம் எதுவும் இல்லை. அசெம்பிள் செய்த வேலையும் நன்றாகவே இருக்கிறது. முதல் முறை ஆன் செய்ததுமே டிஸ்ப்ளே வந்திருக்கிறது, பயாஸ் எஸ்எஸ்டியின் பெயரைச் சொல்கிறது. பிராசஸர், போர்டு, பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். படத்தில் ஒரே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரமாக ஒரு வேலை. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் உருவிவிடுங்கள். டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பட்டியல் வரும் அந்தப் பக்கத்தில் 'டெலீட்', 'ஃபார்மேட்' இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்களுக்கு எஸ்எஸ்டி தெரியாமல் பழைய டிஸ்க் மட்டும் தெரிந்த அந்த நேரத்தில், பொறுமை இழந்த யாராவது அதை அழுத்தியிருந்தால் கஸ்டமர்களின் கல்யாணப் போட்டோக்கள் மொத்தமும் போயிருக்கும். ஒருவருடைய கல்யாணத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. எஸ்எஸ்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் விலைமதிப்புள்ள பொருள் அந்தப் பழைய டிஸ்க்தான்.

அதைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருக்கும் மெஷினில் விண்டோஸ் போடும்போது, சில நேரம் அது தன் ஃபைல்களை நீங்கள் சொன்ன டிஸ்க்கில் வைத்துவிட்டு, பூட் ஆவதற்கு வேண்டிய சிறு பகுதியை மட்டும் மற்ற டிஸ்க்கில் எழுதிவிடும். அன்றைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது புது விண்டோஸ் எழும்பாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் இந்த ரகமும் உண்டு. ஆகவே விண்டோஸ் போடும் வேளையில் உள்ளே ஒரே ஒரு டிஸ்க்தான் இருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். நீங்கள் பார்த்த மூன்று தடங்கல்களும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. நடுவில் வந்தது, வீடியோ பார்த்து செட்டிங் மாற்றியதால் வந்தது.

முதலாவது, எஸ்எஸ்டி பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாதது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் மெஷின்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விஎம்டி. போர்டுக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் நடுவே உட்கார்ந்து, எஸ்எஸ்டியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு அது. வாசலில் நிற்கும் வாட்ச்மேனைப் போல, தன் மொழி தெரிந்தவர்களைத்தான் உள்ளே விடும். அந்த மொழி என்பது இன்டெல் கொடுக்கும் ஒரு டிரைவர். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் அது இருக்காது. அதனால்தான் சாட்டா கேபிளில் வந்த பழைய டிஸ்க் தெரிந்தது, என்விஎம்இ தெரியவில்லை. கடைக்காரர் டிரைவர் கொடுத்ததும் எஸ்எஸ்டி தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே இதற்கு ஆதாரம். அந்த அளவுக்கு அவர் சரியான வேலைதான் செய்திருக்கிறார்.

ஆனால் உங்களுக்கு விஎம்டியே தேவையில்லை. பல எஸ்எஸ்டிகளைச் சேர்த்து ரெய்டு போடுகிறவர்களுக்கு அதனால் பயன் உண்டு. ஒற்றை எஸ்எஸ்டி வைத்திருக்கும் உங்களுக்கு அதை ஆஃப் செய்வதுதான் சுலபமான வழி. இது இருக்கும் இடம் போர்டுக்குப் போர்டு மாறும். ஆசஸ் போர்டு என்றால் அட்வான்ஸ்ட் பகுதியில் சிஸ்டம் ஏஜென்ட் என்பதற்குள் பாருங்கள். கிகாபைட் என்றால் செட்டிங்ஸில் ஐஓ போர்ட்ஸ் என்பதற்குள். 'விஎம்டி செட்டப் மெனு' என்றே பெயர் இருக்கும். உள்ளே போய் விஎம்டி கன்ட்ரோலரை 'டிஸேபிள்டு' என்று மாற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் போட்ட பிறகு இந்த செட்டிங்கை மாற்றக் கூடாது. ஆஃபில் வைத்து விண்டோஸ் போட்டுவிட்டுப் பிறகு ஆன் செய்தால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத்திரையில் நின்றுவிடும். நாமாக மாற்றாவிட்டாலும், பயாஸ் அப்டேட் செய்தாலோ போர்டின் பேட்டரி தீர்ந்தாலோ செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும், விஎம்டியும் திரும்ப ஆன் ஆகிவிடலாம். அன்றைக்குப் பதற்றப்படாமல் அதை மறுபடி ஆஃப் செய்தால் போதும், விண்டோஸ் எழும்பிவிடும். ஒரு துண்டுத் தாளில் 'விஎம்டி ஆஃப், சிஎஸ்எம் ஆஃப்' என்று எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது, சிஎஸ்எம். போர்டுகளில் இப்போது இருப்பது மெஷினை எழுப்பும் யுஇஎஃப்ஐ என்ற புது முறை. விண்டோஸ் 7 காலத்து டிஸ்க்குகளையும் பழைய கார்டுகளையும் ஓட்டுவதற்காக, போர்டு பழைய பயாஸ் போல நடிப்பதற்குக் கொடுத்திருக்கும் வசதிதான் சிஎஸ்எம். அதை ஆன் செய்தால், நம்பகமான சிஸ்டம்தானா என்று பார்த்து எழுப்பும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வேலை செய்யாது. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட்டுக்கான வசதி, டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் பகுதி) எல்லாம் இருக்க வேண்டும். ஆகவே சிஎஸ்எம்மை ஆன் செய்ததும் 'இயங்காது' என்று வந்ததில் ஆச்சரியமே இல்லை. உங்கள் பிராசஸர் 12ஆம் தலைமுறை. மைக்ரோசாஃப்ட் 8ஆம் தலைமுறையிலிருந்தே அனுமதிக்கிறது. டிபிஎம்முக்கு இன்டெல் வைத்திருக்கும் பெயர் பிடிடி, அதுவும் உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதிக்க ரெஜிஸ்ட்ரியில் என்னென்னவோ எழுதச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தகுதியில்லாத பழைய மெஷின் வைத்திருப்பவர்களின் கவலை அது, உங்களுக்கு ஒன்றுகூட வேண்டாம்.

சிஎஸ்எம் ஆனில் இருந்தபோது பூட் மெனுவில் உங்கள் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை வந்திருக்கும். ஒன்றின் முன்னால் 'யுஇஎஃப்ஐ' என்று இருக்கும், இன்னொன்று வெறும் பெயர். வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பழைய முறையில் பூட் ஆகி, எம்பிஆர், ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறை, புது முறை) என்று ஒரு புதுத் தகராறு கிளம்பும். சிஎஸ்எம் ஆஃபில் இருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

மூன்றாவதுதான் நீங்கள் பயப்படும் விஷயம், 80070570. இதில்தான் கடைக்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எண்ணுக்கு, ஃபைல் சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று பொருள். எங்கே சிதைந்தது என்று அது சொல்லாது. விண்டோஸின் ஃபைல்கள் எல்லாம் பென்டிரைவில் ஒரே பெரிய பொட்டலமாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்ஸ்டால் நடக்கும்போது அந்தப் பொட்டலம் துண்டுதுண்டாகப் படிக்கப்பட்டு, ராமில் பிரிக்கப்பட்டு, அதற்குப் பிறகு எஸ்எஸ்டியில் எழுதப்படுகிறது. பென்டிரைவ் தவறாகப் படித்தாலும், ராம் ஒரே ஒரு பிட்டை மாற்றிக் கொடுத்தாலும், பிரித்த கணக்கு ஒத்துப்போகாமல் வேலை நின்றுவிடும். அப்படியென்றால் சந்தேகப்பட மூன்று இடங்கள் இருக்கின்றன. எஸ்எஸ்டி அதில் கடைசி.

நீங்கள் கவனித்து எழுதிய ஒரு விவரம் எனக்குப் பெரிய உதவி. ஒரு தடவை 38-இல் நின்றது, இன்னொரு தடவை 71-இல் நின்றது. பென்டிரைவில் இருக்கும் ஃபைல் கெட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஏனென்றால் கெட்ட துண்டு இருக்கும் இடம் மாறாது. இடம் மாறி மாறி நின்றால் என் சந்தேகம் முதலில் ராம் மேல்தான் போகும்.

இப்போது நீங்கள் அனுப்பிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டில் ராமுக்கு நான்கு ஸ்லாட் இருக்கிறது. உங்கள் இரண்டு ராம்களும் பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டில், ஒட்டி ஒட்டி நிற்கின்றன. நிறையப் பேர் இப்படித்தான் மாட்டுவார்கள், வரிசையாக மாட்டத்தானே கை போகும். ஆனால் அந்த இரண்டு ஸ்லாட்டும் ஒரே சேனலை, அதாவது பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒரே பாதையைச் சேர்ந்தவை. பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். போர்டோடு வந்த புத்தகத்திலும் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இப்போது இருக்கும் நிலையில் ஒரே சேனலின் மேல் இரண்டு ராமின் சுமையும் விழுகிறது, இன்னொரு சேனல் சும்மா இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் நீங்கள் எதிர்பார்க்கும் வேகமும் கிடைக்காது.

அதற்கு மேல் எக்ஸ்எம்பி. உங்கள் ராம் 3600 என்று சொல்கிறது. 12400எஃப்புக்கு இன்டெல் உறுதி கொடுத்திருக்கும் டிடிஆர்4 வேகம் 3200 வரைதான். எக்ஸ்எம்பியை ஆன் செய்வது என்றால் அந்த எல்லைக்கு மேலே ஓட்டிப் பார்ப்பது. பெயரின் முடிவில் 'கே' உள்ள பிராசஸர்களில், ராமைக் கையாளும் பகுதிக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளிக்கலாம். 12400எஃப் மாதிரி 'கே' இல்லாதவற்றில் இன்டெல் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அதனால் 3600-இல் சில மெஷின்கள் நன்றாக ஓடும், சில தடுமாறும். தடுமாறும் மெஷின் பயாஸில் எந்த அறிகுறியும் காட்டாது. டிஸ்ப்ளே வரும், செட்டிங் மாற்றலாம், எல்லாம் சரியாகத்தான் தெரியும். லட்சக்கணக்கான ஃபைல் துண்டுகளை நிறுத்தாமல் பிரிக்கச் சொல்லும்போதுதான் குட்டு வெளிப்படும். விண்டோஸ் இன்ஸ்டால் அப்படிப்பட்ட வேலைதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ராமைத் தொடுவதற்கு முன் கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, இரண்டாவது ராமை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, முதல் ஸ்லாட்டில் இருப்பதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு ஒற்றை ராம் போதும். 8 ஜிபி விண்டோஸ் 11 போடுவதற்குத் தாராளம், அதற்கு 4 ஜிபியே போதும். பிறகு பயாஸுக்குள் போய், 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' என்பதைக் கொடுங்கள். இதுவரை தம்பியும் கடைக்காரரும் மாற்றியதெல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். எக்ஸ்எம்பியும் ஆஃப் ஆகிவிடும். ராம் வேகம் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒன்றைக் காட்டும், அது இருக்கட்டும். அதற்கு அப்புறம்தான் விஎம்டியை ஆஃப் செய்ய வேண்டும். முதலிலேயே ஆஃப் செய்துவிட்டு டிஃபால்ட்ஸ் கொடுத்தால் அதுவும் திரும்பிப் போய்விடும். கடைசியாக சிஎஸ்எம் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

அடுத்தது பென்டிரைவ். விண்டோஸ் ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நண்பர் கொடுத்தது, 'எல்லாம் சேர்த்து' ஆக்டிவேட் செய்தே வருவது என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை யார் எதைச் சேர்த்துச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் அந்த மெஷினில் கஸ்டமர்களிடம் பணம் வாங்கும் கணக்கையும் திறக்கப் போகிறீர்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகவே கிடைக்கிறது. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவைச் செருகி அதை ஓட்டினால், டவுன்லோடு செய்து, பென்டிரைவையும் தயார் செய்து கொடுத்துவிடும். லைசன்ஸ் சாவியை இன்ஸ்டால் நடக்கும்போது கொடுக்க வேண்டிய அவசியமில்லை. 'என்னிடம் சாவி இல்லை' என்பதை அழுத்தி மேலே போய், பின்னால் வாங்கிக் கொடுக்கலாம்.

பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் தொழிலில் கஸ்டமர்கள் போட்டோ கொடுத்த பென்டிரைவ்கள் மேசையில் பத்து கிடக்கும், அதில் ஒன்றை எடுத்துவிடாதீர்கள். விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்ததும் வேண்டாம். அவற்றில் 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாதவை சந்தையில் உலாவுகின்றன. எழுதும்போது ஒத்துக்கொள்ளும், படிக்கும்போது குப்பையைக் கொடுக்கும். நல்ல கடையில் புதிதாக ஒன்று வாங்குங்கள். செருகுவதும் கேபினெட்டின் முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தில் போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு நீளமான வயர் போகிறது. அது சரியாக உட்காராவிட்டாலும் இதே 80070570 வரலாம்.

இன்ஸ்டால் ஆரம்பிப்பதற்கு முன் யுபிஎஸ் இருந்தால் மெஷினை அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும் நேரம் பார்த்து ஆரம்பிக்காமல் இருந்தால் போதும். பூட் மெனுவுக்கு ஆசஸில் எஃப்8, கிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் இரண்டிலும் எஃப்11. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் கேட்கும் பக்கம் வரை வாருங்கள்.

அங்கே இப்போது ஒரே டிஸ்க்தான் தெரிய வேண்டும். அளவு 465 ஜிபி என்று காட்டும். 500 வாங்கினோமே, 35 எங்கே போனது என்று கவலைப்படாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு ஒரு நல்ல அடையாளமும்கூட. உங்கள் பழைய 1 டிபி டிஸ்க் அங்கே 931 என்று காட்டும். 931 எங்காவது தெரிந்தால் கை வைக்காமல் நிறுத்திவிட்டு, கேபிளைக் கழற்றினோமா என்று பாருங்கள்.

கடையில் பாதியில் நின்றுபோன முயற்சிகளின் மிச்சம் அந்த எஸ்எஸ்டியில் சின்னச் சின்னப் பகுதிகளாகக் கிடக்கும். அவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்து, 'ஒதுக்கப்படாத இடம்' என்று ஒரே வரி மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். பழைய டிஸ்க் உள்ளே இல்லாததால் தைரியமாகச் செய்யலாம். அந்த ஒரே வரியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். நீங்களாகப் பகுதி பிரிக்க வேண்டாம், தனக்கு வேண்டியதை விண்டோஸே போட்டுக்கொள்ளும். சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்து வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 500 ஜிபியை அப்படிக் கூறு போட்டால் ஒரு ஆல்பத்தின் தற்காலிக ஃபைல்களுக்கே சி நிறைந்துவிடும். முழுதாக விடுங்கள்.

நூறு சதவீதம் வந்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். திரை கறுத்த அந்த நொடியில் பென்டிரைவை உருவிவிடுங்கள். உருவாமல் விட்டால் சில மெஷின்கள் மறுபடி பென்டிரைவிலிருந்தே எழும்பி, முதல் பக்கத்திலிருந்து மொழியைக் கேட்கும். இன்ஸ்டால் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி முதலிலிருந்து போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே விண்டோஸ் நல்லபடியாகப் போடப்பட்டு அடுத்த கட்டத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து இன்டர்நெட் கேட்கும். விண்டோஸ் 11 ஹோம், ப்ரோ இரண்டிலும் கட்டாயமாகக் கேட்கும். புது போர்டின் லேன், வைஃபை டிரைவர் விண்டோஸில் இல்லாமல் போவது சகஜம், அப்போது எந்த நெட்வொர்க்கும் தெரியாது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் மெஷினோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. டெஸ்க்டாப் வந்ததும் போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவர்களை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த முறை இன்ஸ்டால் தடையில்லாமல் முடிந்தால், எஸ்எஸ்டி மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. ராமிலா பென்டிரைவிலா என்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கழற்றி வைத்த ராமை நான்காவது ஸ்லாட்டில் மாட்டி, 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசச் சோதனையை வேறொரு பென்டிரைவில் போட்டு ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போங்கள். நான்கு சுற்று ஓடும். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும், ஒன்று இருந்தாலும் ஏற்கக் கூடாது. பூஜ்யமாக இருந்தால், எக்ஸ்எம்பியை ஆன் செய்து வேகத்தை மட்டும் 3200 என்று கையால் இறக்கி வைத்து இன்னொரு ராத்திரி ஓட்டுங்கள். அதிலும் சுத்தமாக வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 3600-க்கும் 3200-க்கும் ஆல்பம் வேலையில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாறாக, தடுமாறும் ராம் நீங்கள் சேவ் செய்யும் டிசைன் ஃபைலையே சத்தமில்லாமல் கெடுக்கும். எக்ஸ்எம்பி ஆஃபில் இருக்கும்போதே பிழை வந்தால், ராம்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்து, எது கெட்டது என்று கண்டுபிடித்து, பில்லோடு வாங்கிய கடைக்கே அனுப்புங்கள்.

ஒற்றை ராம், எக்ஸ்எம்பி ஆஃப், புதுப் பென்டிரைவ் எல்லாம் இருந்தும் அதே எண்ணோடு நின்றால், ராமைக் கழற்றி வைத்த மற்றொன்றோடு மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். அதிலும் நின்றால் மட்டும் எஸ்எஸ்டியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பணம் கொடுத்துப் புதிது வாங்கக் கூடாது. கடைக்காரரிடம், "இதை உங்கள் மெஷினில் மாட்டி விண்டோஸ் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அங்கேயும் நின்றால்தான் பழுது உறுதி. என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்குப் பொதுவாக மூன்று அல்லது ஐந்து வருடம் வாரன்டி உண்டு. நீங்கள் இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள், கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டியது. ரிச்சி தெரு பில்லையும், வந்த அட்டைப் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், எஸ்எஸ்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் வாரன்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் ஓடி, இரண்டு மூன்று நாள் வேலை செய்து பார்த்த பிறகு பழைய டிஸ்க்குக்கு வாருங்கள். மெஷினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, கேபிள்களை மாட்டுங்கள். பயாஸில் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் திறந்ததும், ஃபார்மேட் செய்யட்டுமா என்று ஏதாவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டு அந்த டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் காட்டினால் நல்லது. மஞ்சளாகக் காட்டினால் அன்றைக்கு மற்ற வேலைகளை ஒத்திவைத்து, போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நீலமாக இருந்தாலும் அந்த டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது, கஸ்டமர் போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி எடுக்காமல் அதில் புது வேலை எதையும் ஏற்ற வேண்டாம். எஸ்எஸ்டி வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குவதற்குச் செலவிடுங்கள்.

மறுபடி எங்காவது நின்றால், எத்தனை சதவீதத்தில் நின்றது, அப்போது எந்த ராம் எந்த ஸ்லாட்டில் இருந்தது, திரையில் என்ன எண் வந்தது என்று இதே மாதிரி விவரமாக எழுதுங்கள். போர்டின் மாடல் பெயரையும் சேர்த்து எழுதினால், விஎம்டி எந்த மெனுவில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.